இடையிசை முடியும் முன்னே

பெரியம்மா முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அல்சைமர் என்னும் மறதி நோய் அவரைப் பிடித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர் பெற்ற மகன், எனக்கு அண்ணன், எதிரே உட்கார்ந்து, "அம்மா, நான் யாரு, தெரியுதா?" என்று கேட்டார். பெரியம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நீங்க வாத்தியார் வீட்டுத் தம்பிதானே? சாப்ட்டீங்களா?" என்றார் மரியாதையாக. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார்.

அடுக்களை ரேடியோவில் 'பாசமலர்' படத்தின் தாலாட்டுப் பாட்டு வந்தது. 1961இல் வந்த படம். பெரியம்மாவுக்கு அப்போது 16 வயது. பல்லவி முடிந்து இடையிசை ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்த காம்பைக் கீழே வைத்தார். இடையிசை முடியச் சற்று முன்னாலேயே மூச்சை உள்ளே இழுத்தார். பாடுகிறவர் தொடங்கிய அதே நொடியில் இவரும் தொடங்கினார். ஒரு சொல்கூடப் பிசகவில்லை. கண் நிறைந்து வழிந்தது. முழங்கையில் மயிர் சிலிர்த்து நின்றதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அவர் முன்கூட்டியே இழுத்த அந்த மூச்சு பல நாள் என் மனத்தை விட்டுப் போகவில்லை. மகன் முகம் நினைவில் இல்லாதவருக்கு, பாட்டில் அடுத்து எந்த இடத்தில் குரல் வரும் என்பது எப்படி நினைவிருந்தது? அதற்கு ஏன் கண்ணீர் வந்தது? இவை இரண்டு கேள்விகள்போலத் தோன்றும். படிக்கப் படிக்க, இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன என்று எனக்குத் தெளிவானது.

முதலில் கண்ணீரைப் பார்ப்போம். பாட்டு என்று நாம் சொல்வது காற்றின் அசைவு. அது செவிப்பறையைத் தட்டுகிறது. உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் பகுதியில் நுண்மயிர் செல்கள் அந்த அசைவை மின்துடிப்பாக மாற்றுகின்றன. அது நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. சோற்று மணத்துக்கு உடல் கிளர்வதில் வியப்பில்லை, பசி இருக்கிறது. பாம்பைக் கண்டு மயிர் சிலிர்ப்பதிலும் வியப்பில்லை, உயிர் இருக்கிறது. வயிற்றையும் நிரப்பாத, உயிரையும் காக்காத ஒரு காற்றசைவுக்கு உடல் ஏன் இப்படி ஆடவேண்டும்?

உணர்ச்சி உடம்பில் தெரிவதைத் தொல்காப்பியர் 'மெய்ப்பாடு' என்றார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு வகை வகுத்து, அதற்கென்றே ஓர் இயலை எழுதிவைத்தார். நவீன ஆய்வாளர்கள் பிடித்ததும் அதே இழையைத்தான். மனம் உருகியது என்று ஒருவர் சொன்னால் அதை அளக்க முடியாது. மயிர் சிலிர்த்தது, நாடி விரைந்தது, தோலில் வியர்வை கூடியது என்றால் கருவி வைத்து அளக்கலாம். ஆகவே இசை ஆய்வில் மெய்சிலிர்ப்பு ஓர் அளவுகோல் ஆகிவிட்டது.

மெய்சிலிர்ப்பு எப்போது வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பாட்டு முழுக்க வருவதில்லை. குரல் ஏறும் ஓர் இடத்தில், எல்லா வாத்தியமும் நின்று ஒற்றைக் குழல் மட்டும் ஒலிக்கும் இடத்தில், கூட்டுக்குரல் புகுந்துகொள்ளும் இடத்தில் என்று குறிப்பிட்ட சில நொடிகளில்தான் வருகிறது. அந்த இடங்களுக்கெல்லாம் பொதுவானது என்ன?

அமெரிக்க இசையறிஞர் லெனார்ட் மேயர் 1956இல் வெளியிட்ட நூலில் ஒரு விடை சொன்னார். கேட்பவர் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதில்லை, அடுத்து என்ன வரும் என்று ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கிறார். அந்த ஊகம் தள்ளிப்போவதும், பொய்ப்பதும், கடைசியில் பலிப்பதும்தான் இசை எழுப்பும் உணர்ச்சியின் ஊற்று என்றார். இந்த ஊகத்துக்கு 'எதிர்நோக்கு' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கச்சேரிக்குப் போனவர்களுக்கு இது புதிதில்லை. தனி ஆவர்த்தனத்தின் முடிவில் மிருதங்கக்காரர் கோர்வை வைக்கிறார். ஒரே சொற்கட்டு மூன்று தடவை வரவேண்டும். முதல் தடவை சபை கவனிக்கிறது. இரண்டாம் தடவை தொடைகளில் தாளம் போடும் கைகள் இறுகுகின்றன. மூன்றாம் தடவை எல்லார் உடம்பும் சற்று முன்னால் சாய்கிறது. சொற்கட்டு முடிந்து, பாட்டின் எடுப்பு இருக்கும் இடத்தில் துல்லியமாக விழுந்ததும் அரங்கம் முழுக்க ஒரு 'ஆஹா'. கணக்குத் தெரியாதவரும் அந்த நொடியில் தலையசைக்கிறார். அவரது மூளையும் தனக்குத் தெரியாமலே எண்ணிக்கொண்டிருந்தது என்பதுதான் காரணம். இருட்டில் படி இறங்கும்போது, இன்னொரு படி இருக்கிறது என்று கால் வைத்துத் தரை தட்டினால் நெஞ்சு திக்கென்கிறதே, அது பொய்த்த எதிர்நோக்கு. கோர்வை வந்து விழுவது பலித்த எதிர்நோக்கு.

மேயர் சொன்னது அழகான கருத்து. ஆனால் கருத்துதான். அதை உடம்பில் தேடிக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின.

முதல் தடயம் மருந்து வழியாக வந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அபின் வகை வேதிப்பொருள்கள் மூளையில் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ந்தவர் அவ்ரம் கோல்ட்ஸ்டீன். அவற்றின் வேலையை முடக்கும் நாலக்சோன் என்ற மருந்தைப் பத்துப் பேருக்குக் கொடுத்து, அவர்களுக்குப் பிடித்த இசையைக் கேட்கச் சொன்னார். எப்போது மருந்து, எப்போது வெறும் நீர் என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. மூவருக்கு மெய்சிலிர்ப்பு மங்கியது. 1980இல் அவர் இதை வெளியிட்டார். பத்தில் மூன்று என்பது பலவீனமான சான்றுதான். ஆனாலும் இசையின் இன்பத்துக்கு மூளையில் ஒரு வேதியியல் உண்டு என்று அது கோடி காட்டியது.

அடுத்து கனடாவின் மான்ட்ரியால் நகரம். ஆன் பிளட், ராபர்ட் சட்டோரே இருவரும் 2001இல் செய்த சோதனையில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. எந்த இசை உருக்கமானது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்யவில்லை. பங்கேற்ற பத்துப் பேரிடமும், உங்களுக்கு மெய்சிலிர்க்கும் இசையை நீங்களே கொண்டுவாருங்கள் என்றார்கள். ஒருவர் கொண்டுவந்ததை இன்னொருவருக்கு ஒப்பீட்டுக்காகப் போட்டார்கள். ஒரே ஒலி; அவருக்குச் சிலிர்த்தது, இவருக்குச் சும்மா இருந்தது. ஆக, மூளையில் தெரியும் வேறுபாடு ஒலியால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. சிலிர்த்தபோது மூளையின் ஆழத்தில் இரத்த ஓட்டம் கூடிய இடங்கள், உணவும் காமமும் போதையும் கிளர்த்தும் அதே இடங்கள். இவற்றை மூளையின் 'பரிசுச் சுற்று' எனலாம்.

அங்கே சுரப்பது, மூளைச் செல்களிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள்தானா? 2011இல் வலோரி சலிம்பூரும் சட்டோரேயும் உடன் ஆய்வாளர்களும் அதைப் பார்த்தார்கள். பார்த்த விதத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். டோபமைனை நேரே படம் பிடிக்க வழியில்லை. பேருந்து நிலையத்தில் வண்டி வந்ததும் சன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோம் இல்லையா? ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கும் இருக்கையில் துண்டு போட முடியாது. எத்தனை துண்டு விழுந்தது என்று எண்ணினால், எத்தனை பேர் முன்பே உட்கார்ந்திருந்தார்கள் என்று கணக்கிட்டுவிடலாம். மூளைச் செல்களில் டோபமைன் உட்காரும் இருக்கைகள் உண்டு. அதே இருக்கைகளில் உட்காரக்கூடிய ராக்ளோபிரைடு என்ற பொருளில் மிகச் சிறிதளவு கதிரியக்கக் கார்பனைச் சேர்த்து ஊசி வழியே செலுத்துகிறார்கள். அதுதான் துண்டு. பெட் ஸ்கேன் கருவி அந்தக் கதிரியக்கத்தைப் பார்க்கும். எங்கே துண்டு குறைகிறதோ அங்கே டோபமைன் வந்து உட்கார்ந்துவிட்டது என்று பொருள். பிடித்த இசையைக் கேட்டபோது துண்டு குறைந்தது.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. பெட் ஸ்கேன் வெகுநேரம் திறந்திருக்கும் கேமரா போன்றது. எந்த நொடியில் என்று சொல்லாது. ஆகவே அதே ஆட்களை அதே இசையோடு, நொடிக்கணக்கில் படம் பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியிலும் வைத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் ஒரு வரிசை தெரிந்தது. சிலிர்ப்பு வந்த நொடியில் விழித்துக்கொண்டது நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதி. ஆனால் அதற்குச் சில நொடிகள் முன்னால், பிடித்த அந்த இடம் வரப்போகிறது என்ற நிலையில், வேறொரு பகுதி விழித்திருந்தது. வால் போல வளைந்திருப்பதால் அதை 'வால்வடிவக் கரு' என்று அழைக்கலாம். பரிசு வரும் முன்பே, வரப்போகிறது என்பதற்காகவே டோபமைன் சுரந்திருக்கிறது. மேயர் சொன்ன எதிர்நோக்குக்கு மூளையில் ஒரு விலாசம் கிடைத்தது. பெரியம்மா முன்னாலேயே இழுத்த மூச்சு இந்தச் சில நொடிகளுக்குள் அடங்கும் என்றே நான் நினைக்கிறேன்.

டோபமைனும் இன்பமும் சேர்ந்து வருகின்றன என்பதாலேயே ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது. மழையும் தவளைச் சத்தமும் சேர்ந்துதான் வருகின்றன. தவளை கத்தி மழை வருவதில்லை. 2019இல் லாரா ஃபெரேரியும் உடன் ஆய்வாளர்களும் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். 27 பேருக்கு வெவ்வேறு நாள்களில் டோபமைனைக் கூட்டும் மருந்து, அதன் வேலையைத் தடுக்கும் மருந்து, வெறும் மாத்திரை என மூன்றையும் கொடுத்து இசை கேட்க வைத்தார்கள். கூட்டிய நாளில் இன்பம் கூடியது, தடுத்த நாளில் குறைந்தது. இதன் பிறகு ஐயத்துக்கு இடம் குறைவு.

உங்களுக்கு இந்நேரம் ஒரு கேள்வி எழுந்திருக்கும். நூறு தடவை கேட்ட பாட்டில் ஊகிக்க என்ன மிச்சம் இருக்கிறது? மும்பையில் பிறந்த அறிவியலாளர் ஜாம்ஷெட் பரூச்சா இதற்கு ஒரு நல்ல பாகுபாடு தந்தார். நம்மிடம் இரண்டு எதிர்நோக்குகள் உண்டு. ஒன்று பொது இலக்கணம்: இப்படிப்பட்ட இசையில் இந்தச் சுரத்துக்குப் பின் பெரும்பாலும் இது வரும் என்பது. மற்றொன்று இந்தக் குறிப்பிட்ட பாட்டின் நினைவு. நினைவுக்கு விடை தெரிந்திருந்தாலும், இலக்கணம் தன் வேலையை நிறுத்துவதில்லை. எத்தனை தடவை கேட்டாலும் அது புதிதாகவே ஏமாறுகிறது, புதிதாகவே நிறைகிறது. கதை தெரிந்தும் கர்ணன் மோட்சம் கூத்தில் விடியும் வரை ஊரே உட்கார்ந்து அழுகிறதே, அதை ஒருமுறையாவது பார்த்தவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

எல்லா மனிதருக்கும் இப்படித்தானா என்றால், இல்லை. பார்சலோனா ஆய்வாளர்கள் 2014இல், இசையால் எந்த இன்பமும் பெறாத சிலரை அடையாளம் கண்டார்கள். அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. இது சோகப் பாட்டு, இது மகிழ்ச்சிப் பாட்டு என்று சரியாகச் சொல்கிறார்கள். பணம் வைத்து ஆடும் விளையாட்டில் மற்றவர்களைப் போலவே கிளர்ச்சி அடைகிறார்கள். இசைக்கு மட்டும் உடம்பு அசைவதில்லை. கேட்கும் பகுதியும் நலம், பரிசுச் சுற்றும் நலம். இரண்டுக்கும் நடுவே உள்ள தொடர்பு மெலிந்திருக்கிறது. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அவரைக் கல்மனம் என்று சொல்லாதீர்கள்.

சரி, பெரியம்மாவின் நினைவுக்கு வருவோம். இளமையில் கேட்ட பாட்டுக்கு ஏன் இத்தனை வலு?

நடு வயதைத் தாண்டியவர்களிடம், வாழ்வில் நினைவுக்கு வருவதையெல்லாம் சொல்லுங்கள் என்றால், பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலத்துச் செய்திகளே அதிகம் வரும். வரைபடம் போட்டால் அந்த வயதில் ஒரு மேடு எழும். இதை 'நினைவுமேடு' எனலாம். முதல் வேலை, முதல் காதல், வீட்டை விட்டு முதன்முதலாய் வெளியூர் போனது எல்லாம் அந்தக் காலத்தில்தான். உணர்ச்சி மிகுந்த கணங்களை மூளை அழுத்தமாகப் பதிக்கும். பதிக்கும் வேலையில் முக்கியப் பங்கு, கடற்குதிரையின் வடிவத்தால் பெயர்பெற்ற ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கு.

கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஜனாட்டா 2009இல் 13 மாணவர்களை எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியில் படுக்கவைத்து, அவர்கள் 8 முதல் 18 வயதுவரை இருந்த காலத்தில் பெயர்பெற்ற பாட்டுகளின் துணுக்குகளைப் போட்டார். சொந்த நினைவைக் கிளப்பிய பாட்டு வந்தபோது, நெற்றிக்குப் பின்னால் நடுவில் இருக்கும் முன்மூளைப் பகுதி விழித்தது. நான் யார், என் கதை என்ன என்று எண்ணும்போது வேலை செய்யும் பகுதி அது. அதே பகுதி மெட்டின் சுர நகர்வையும் கூடவே தொடர்ந்துகொண்டிருந்தது. மெட்டு நகர்வதும் தன் கதை விரிவதும் ஓரிடத்தில் சேர்கின்றன.

இந்த ஆய்வுகளில், கோர்னல் பல்கலைக்கழகத்தின் கேரல் கிரம்ஹான்சல் 2013இல் கண்டது எனக்கு மிக நெருக்கமானது. இருபது வயதுக்காரர்களுக்கு 1955 முதலான ஐம்பத்தைந்து ஆண்டுப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். அவரவர் காலத்துப் பாட்டு நினைவைக் கிளறியதில் வியப்பில்லை. அவர்களின் பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாட்டுகளுக்கும் தனியாக ஒரு மேடு எழுந்தது. அப்பா சவரம் செய்யும்போது ஓடிய கேசட்டும், அம்மா சமைக்கையில் கேட்ட இலங்கை வானொலியும் பிள்ளைகளின் நினைவில் ஏறியிருக்கின்றன.

ஒரு நுட்பத்தையும் சொல்லவேண்டும். தினமும் கேட்கும் பாட்டைவிட, ஒரு கோடையில் திரும்பத் திரும்பக் கேட்டு, பிறகு இருபது வருடம் கேட்காத பாட்டுதான் அந்தக் கோடையை அப்படியே கொண்டுவரும். பீரோவில் மடித்து வைத்த கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்தால் பழைய மணம் வருகிறது. தினம் உடுத்தும் நூல்புடவையில் அன்றன்றைய மணம்தான். பல நாள்களோடு ஒட்டிக்கொண்ட பாட்டு எந்த ஒரு நாளையும் தனியாகச் சுட்டாது. அதே சமயம், பாட்டு கிளப்பும் நினைவு பளிச்சென்று இருப்பதாலேயே அது அப்படியே உண்மை என்று எண்ணிவிடக் கூடாது. நினைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது.

ஆனால் பெரியம்மாவுக்குத் தன் கதையே மறந்துபோய்விட்டதே? அல்சைமர் முதலில் தாக்குவதில் ஹிப்போகாம்பஸும் ஒன்று. பிறகும் பாட்டு எப்படி நின்றது?

அவர் கையைப் பாருங்கள். கீரை ஆயும் விரல் எதையும் மறக்கவில்லை. பழுத்த இலை எது, பூச்சி அரித்தது எது என்று அது தானாகப் பிரித்துக்கொண்டிருந்தது. நினைவு என்பது ஒரே பெட்டி இல்லை. நடந்ததைச் சொல்லும் நினைவு வேறு, செய்யத் தெரிந்த நினைவு வேறு. பின்னதைக் 'கைப்பழக்க நினைவு' எனலாம். இதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு இங்கிலாந்து இசைக்கலைஞர் கிளைவ் வேரிங். 1985இல் மூளைக்காய்ச்சல் அவரது நினைவை அழித்தது. புதிய நினைவு எதுவும் அரை நிமிடத்தைத் தாண்டி நிற்பதில்லை. மனைவி அறையைவிட்டு வெளியே போய்த் திரும்பினால் பல ஆண்டு பிரிந்தவர்போலக் கட்டிக்கொள்வார். ஆனால் பியானோ முன் உட்காரவைத்தால் வாசிப்பார். பாடகர் குழுவை நடத்துவார்.

பாட்டு இந்த இரண்டாம் வகை நினைவில் பெரும்பங்கு தங்கியிருக்கிறது என்பதை நீங்களே சோதிக்கலாம். நன்கு தெரிந்த ஒரு பாட்டின் இரண்டாம் சரணத்து மூன்றாம் வரியைச் சட்டென்று சொல்லிப் பாருங்கள். வராது. மனத்துக்குள் சரணத்தை முதலிலிருந்து ஓட்டினால்தான் அந்த வரி வந்து நிற்கும். ஒவ்வோர் அடியும் அடுத்ததைக் கைபிடித்து அழைத்து வருகிறது. பாட்டின் நினைவு என்பதே 'அடுத்தது என்ன' என்ற நினைவு. மெய்சிலிர்ப்புக்குக் காரணமான எதிர்நோக்கும் அதுதான். இரண்டு கேள்விகளும் முட்டும் இடம் என்று நான் சொன்னது இதை.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு உடல் சான்று தருகிறது. நலமான இளைஞர்களுக்கு, பல காலமாகத் தெரிந்த பாட்டு, அண்மையில் கேட்டது, கேட்டே இராதது என்று போட்டுக்காட்டி, நெடுநாள் பாட்டு நினைவு மூளையின் எந்த இடங்களில் இருக்கிறது என்று கண்டார்கள். செயல்களைத் திட்டமிட்டு வரிசைப்படுத்தும் பகுதிகள் அவை. பிறகு அல்சைமர் நோயாளிகளின் மூளைப் படங்களில் அதே இடங்களைப் பார்த்தார்கள். மற்ற பகுதிகள் சுருங்கியிருந்தும் இவை பெரும்பாலும் சுருங்காமல் இருந்தன. நோயாளிகளுக்கு நேரே பாட்டுப் போட்டுச் செய்த சோதனை இல்லை இது. இரண்டு குழுக்களை ஒப்பிட்டு வந்த ஊகம். என்றாலும் வலுவான ஊகம்.

பாட்டு அல்சைமரைக் குணப்படுத்தாது. போன நினைவைத் திருப்பித் தராது. அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மறதி நோயாளிகளின் மனச்சோர்வைப் பாட்டு ஓரளவு குறைக்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது, அறிவாற்றலை மீட்கிறது என்பதற்கு இல்லை. அதுவும் ஏதோ ஒரு பாட்டு போதாது. மான்ட்ரியால் சோதனையில் பார்த்தோமே, ஒருவரைச் சிலிர்க்கவைத்த இசை இன்னொருவருக்கு வெறும் ஒலி. அவரவர் பாட்டு அவரவருக்கு.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் அறுபது தாண்டியவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்தைந்துவரை அவர் விரும்பிக் கேட்ட பத்துப் பாட்டுகளைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தப் படம், யார் பாடியது, எந்த ஊரில் யாரோடு கேட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காதில் விழவே கூடாத பாட்டு ஏதும் உண்டா என்றும் கேளுங்கள். சாவு வீட்டோடும் பிரிவோடும் ஒட்டிக்கொண்ட பாட்டுகளும் இருக்கும். பெரியம்மாவிடம் நாங்கள் கேட்டுவைக்கவில்லை. அன்று ரேடியோவில் தற்செயலாக வந்த அந்த ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.